அணிக்கு ஒன்பது பேர்: வன்னியில் றக்பி லீக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் "அணிக்கு 9 பேர் கொண்ட உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி" என்று சுவரொட்டி ஒட்டினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அதே ஒன்பது பேர், பந்து மட்டும் முட்டை வடிவம் என்றால் போதும், கேள்விகள் வரிசைகட்டி வருகின்றன. பரந்தனில் ஒருவர் கேட்டதை மாங்குளத்தில் இன்னொருவர் அப்படியே கேட்கிறார். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

றக்பி என்றால் றக்பிதானே? அதில் என்ன "லீக்"?

இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பாடசாலை ஆட்டங்கள், றோயலும் டிரினிட்டியும் 1945 முதல் மோதும் பிரட்பி கேடயம் உட்பட, றக்பி யூனியன். அதில் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர்.

பிரிவு வந்தது காசால். 1895 ஆகஸ்ட் 29 அன்று வட இங்கிலாந்துக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடித் தனிவழி போயின. ஆட வருவதற்காக வேலையை விட்ட சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இழந்த கூலியை ஈடுசெய்யலாம் என்றார்கள் அவர்கள். கூடவே கூடாது என்றார்கள் தெற்கில் இருந்த கனவான்கள். நாட்கூலிக்குப் போகிறவன் ஒரு நாளை மைதானத்துக்குக் கொடுத்தால் அன்றிரவு அடுப்பு என்ன ஆகும் என்று நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பிரிந்தவர்கள் 1906இல் இருவரைக் குறைத்து 13 பேர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து இரு விளையாட்டுகளும் விதியிலும் விலகிக்கொண்டே போயின.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் அண்ணா. எனக்குக் கபடி தெரியும், கிளித்தட்டுத் தெரியும்.

அப்படியானால் பாதி தெரிந்த மாதிரித்தான். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது "ட்ரை", 4 புள்ளிகள். அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பந்தைக் கையால் முன்னே எறியக் கூடாது. பக்கத்தில் அல்லது பின்னால் வருபவருக்குத்தான் கொடுக்கலாம். முன்னேற வேண்டுமானால் ஓடுங்கள், அல்லது உதையுங்கள்.

பிடிபட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்டுவார். அங்கிருந்து ஆட்டம் தொடரும். இப்படி ஆறு பிடிக்குள் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து மற்ற அணிக்கு. கபடியில் ஒரு மூச்சு எப்படியோ, லீக்கில் ஆறு பிடி அப்படி. இந்த எல்லை 1966இல் நான்கு பிடியாக வந்து 1972இல் ஆறானது. யூனியனில் பந்துக்காகத் தரையில் குவிந்து மல்லுக்கட்டுவதும், பக்கக்கோட்டருகே ஆளைத் தூக்கிப் பந்து பிடிப்பதும் லீக்கில் இல்லை. அதனால் புதியவருக்குச் சீக்கிரம் பிடிபடும்.

முதல் நாள் பயிற்சியில் பந்தை வாங்கிய எல்லோரும் நேரே போய் ஆள்மீது மோதினார்கள். "கிளித்தட்டில் கிளியிடம் இப்படியா போய் விழுவீர்கள்?" என்று கேட்டேன். ஒரு பொடியன் நின்று யோசித்தான். அடுத்த முறை இடது தோளைக் காட்டிவிட்டு வலப்பக்கத்தால் போனான். பிடிக்க வந்தவன் கையில் நெருஞ்சி முள்தான் மிஞ்சியது.

ஒன்பது பேர் ஆட்டத்தில் என்ன மாறும்?

மைதானத்தின் அகலமும் நீளமும் மாறாது, ஆள் மட்டும் குறையும். 13 பேர் காவல் நின்ற இடத்தில் 9 பேர். இடைவெளி பெருகும், ஓடுபவனுக்குக் கொண்டாட்டம். நேரம் 80 நிமிடத்திலிருந்து இரண்டு 9 நிமிடப் பாதிகளாகச் சுருங்கும்.

சில்லறை விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். ஓக்லாந்தில் நடந்த போட்டியில் கம்பங்களுக்குக் கீழே வைத்த ட்ரைக்கு 5 புள்ளிகள் கொடுத்தார்கள், பின்வரும் உதையையும் பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போதுதான் உதைக்கச் சொன்னார்கள். உங்கள் போட்டிக்கு எது பொருந்தும் என்பதை முதல்நாளே எழுதி எல்லா அணித்தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். எழுதாத விதிக்காக நம் ஊர் மைதானங்களில் நடந்த சண்டைகளை எண்ண எனக்கு விரல் போதாது.

இதை வெளிநாட்டில் உண்மையாகவே ஆடுகிறார்களா, அல்லது ஆள் சேராததால் நீங்கள் உண்டாக்கியதா?

ஆள் சேராதது உண்மைதான், உண்டாக்கியது நான் இல்லை. சிட்னியில் 1988 முதல் சில காலம் அணிக்கு 7 பேர் கொண்ட லீக் போட்டி நடந்தது. 1992இல் இங்கிலாந்தின் விகன் கழகம் அங்கு போய் வென்று வந்தது. நாடுகளுக்கிடையிலான ஒன்பது பேர் போட்டி 1996இல் பிஜியின் சுவா நகரிலும் 1997இல் அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லிலும் நடந்தது. இரண்டையும் நியூஸிலாந்து வென்றது. பிறகு 2014 முதல் 2017 வரை ஓக்லாந்தின் ஈடன் பார்க்கில் அவுஸ்திரேலிய முதல்தரப் போட்டியின் 16 கழகங்களும் இரண்டு நாள் ஆடின.

பெரியது 2019 ஒக்டோபரில் சிட்னியின் பரமட்டாவில் நடந்த உலகக் கிண்ணம். ஆண்களில் 12 அணிகள், பெண்களில் 4. ஆண்கள் இறுதியில் அவுஸ்திரேலியா 24–10 என நியூஸிலாந்தை வென்றது. பெண்கள் இறுதியில் நியூஸிலாந்து 17–15 என அவுஸ்திரேலியாவைக் கவிழ்த்தது.

சின்ன நாடுகளுக்கு இந்தக் குறுகிய ஆட்டத்தால் என்ன லாபம்?

முதலில் தோல்வியின் அளவு. 2000ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ரஷ்யாவை அவுஸ்திரேலியா 110–4 என்று அடித்தது. 2022இல் கிரேக்கத்தை இங்கிலாந்து 94–4. எண்பது நிமிடம் உரமான உடம்புகள் வந்து வந்து மோதினால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பயிற்சி எடுக்கும் அணி கடைசி இருபது நிமிடத்தில் நிற்கவே முடியாமல் போகும். எண்ணிக்கை ஏறுவது பெரும்பாலும் அப்போதுதான். பதினெட்டு நிமிட ஆட்டம் அந்தக் கட்டம் வருமுன்பே முடிந்துவிடும். தோற்றாலும் பஸ்ஸில் பேசிக்கொண்டு வீடு போகலாம், மறுவாரமும் வரலாம். புதிய அணிக்கு இந்த மறுவாரம்தான் முக்கியம்.

அடுத்தது செலவு. இங்கிலாந்தில் 2022இல் நடந்த உலகக் கிண்ணத்தில் ஆண்கள் அணிகள் 16, நடந்தது ஐந்து வாரம். பரமட்டாவில் இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. ஐந்து வாரம் ஒரு அணிக்கு உணவும் படுக்கையும் கொடுப்பதை ஒரு கலியாண வீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வசதியான நாடுகளுக்கே அது பாரம்: 2025 உலகக் கிண்ணத்தை நடத்த ஒப்புக்கொண்ட பிரான்ஸ் 2023இல் கைவிரித்தது. போட்டி 2026க்குத் தள்ளப்பட்டு, ஆண்களில் 10 அணிகளோடு அவுஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் போனது.

மூன்றாவது, ஆள். முழு ஆட்டத்துக்கு 13 பேரும் மாற்று 4 பேரும் சேர்த்து 17 பேர் வேண்டும். வெளிநாட்டுக்குப் போனவர், கொழும்பில் வேலைக்குப் போனவர், வயலில் நிற்பவர் எல்லோரையும் கழித்தால் நம் கிராமத்துக் கழகம் ஒன்றில் பன்னிரண்டு பேர் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

அவ்வளவு நல்லதென்றால் 2019க்குப் பிறகு அந்த உலகக் கிண்ணம் எங்கே?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 2025 வரை இரண்டாவது நடக்கவில்லை. பெருந்தொற்று ஒரு காரணம், ஆனால் அதை மட்டும் சாட்டித் தப்ப முடியாது. ஓக்லாந்துப் போட்டியும் நான்கு ஆண்டில் நின்றது: பருவம் தொடங்குமுன் பெரிய வீரர்கள் காயப்படுவதைக் கழகங்கள் விரும்பவில்லை, பெரிய பெயர்கள் குறைந்தன, கூட்டமும் குறைந்தது.

என் கருத்து இது: பணக்காரக் கழகங்களுக்கு ஒன்பது பேர் ஆட்டம் ஒரு வேடிக்கை, அலுத்ததும் விட்டுவிடலாம். ஆள் இல்லாத இடத்துக்கு அதுதான் ஆட்டம். முதலாமவர்களை நம்பி இரண்டாமவர்களுக்கான போட்டியை நடத்தினால் முதலாமவர் எழுந்து போகும்போது பந்தலும் கூடவே போகும். பசிபிக் விளையாட்டு விழாவில் 2023இலும் ஒன்பது பேர் லீக் ஆடப்பட்டதைப் பாருங்கள். அங்கு அது யாருக்கும் வேடிக்கை இல்லை.

ஒலிம்பிக்குக்குப் போகுமா?

இப்போதைக்கு அதை எண்ணிப் பயிற்சிக்கு வராதீர்கள். யூனியனின் ஏழு பேர் ஆட்டம் 2016 முதல் அங்கு இருக்கிறது. ஆண்களில் முதல் தங்கம் பிஜிக்கு, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான். ஒரே குடும்பத்து இன்னொரு விளையாட்டுக்கு இடம் கேட்பது இலகுவல்ல. லீக் கொடிகட்டிப் பறக்கும் பிரிஸ்பேனில் 2032இல் ஒலிம்பிக் நடக்கிறது என்பதால் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆசைப்படட்டும்.

ஒரே மைதானத்தில், ஒரே நாளில், எட்டு அணிகளை எப்படி ஆடவைப்பது?

இரண்டு பிரிவு, பிரிவுக்கு நான்கு அணி. பிரிவு ஆட்டங்கள் 12, அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 15. ஒரு ஆட்டத்துக்கு 18 நிமிடம், இடைவேளை 2, அணி இறங்கி ஏற 5, ஆக 25 நிமிடம். 15 ஆட்டத்துக்கு 375 நிமிடம், ஆறே கால் மணி. காலை 7 மணிக்குத் தொடங்கி ஒன்பது ஆட்டத்தை 10.45க்குள் முடியுங்கள். மிச்சம் ஆறையும் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் 5.30க்கு முடியும். நடுவில் உள்ள வெயிலுக்கு யாரையும் காட்டாதீர்கள்.

எங்கள் முதல் முயற்சியைச் சொல்கிறேன், சிரித்தால் சிரியுங்கள். எட்டு அணி வரும் என்று அட்டவணை போட்டோம், ஐந்து வந்தது. பிரதம விருந்தினர் பத்து மணிக்குத்தான் வந்தார். மங்கள விளக்கேற்றி, கொடியேற்றி, ஆளுக்கொரு உரை ஆற்றி முடிக்கப் பதினொன்றரை. அரையிறுதி முடியும்போது துணுக்காய்ப் பக்க அணியினர் சப்பாத்தைக் கழற்றிக் கைகளில் எடுத்துக்கொண்டு வீதியைப் பார்த்து ஓடினார்கள். கடைசி பஸ். இறுதியாட்டம் நடக்கவில்லை. கிண்ணம் இன்றும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. இப்போது நான் அட்டவணையைக் கடைசி பஸ்ஸில் தொடங்கிப் பின்னோக்கி எழுதுகிறேன். விருந்தினரை இறுதியாட்டத்துக்கு மட்டும் அழைக்கிறேன்.

இன்னொரு விடயம் பலருக்குப் படுவதில்லை. மேலே சொன்ன அட்டவணையில் இறுதிக்கு வரும் அணி ஐந்து ஆட்டம் ஆடும். ஐந்து பதினெட்டு 90. முழு ஆட்டத்தின் 80 நிமிடத்தையும் தாண்டிவிட்டது. "குறுகிய ஆட்டம்" என்ற பெயரை நம்பி ஒன்பது பேரோடு வராதீர்கள். பன்னிரண்டு பேராவது வேண்டும்.

மைதானம், பந்து, காலம்?

பாடசாலை மைதானமோ கழக மைதானமோ, ஏற்கெனவே பிள்ளைகள் ஆடும் இடமாகப் பாருங்கள். பற்றையை வெட்டிப் புதுத் திடல் உண்டாக்கும் யோசனை, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் இன்னும் நிற்கும் பகுதிகளில் வேண்டவே வேண்டாம். கிரவல் தரையில் விழுந்து பிடிக்கும் ஆட்டம் ஆடக் கூடாது. அறுவடை முடிந்த வயல் மெத்தை போலத் தெரியும், ஆனால் ஒட்ட அறுத்த தாள்கட்டை முழங்காலைக் கிழிக்கும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மே மாதத்துக்குப் பின் சோளகம் புழுதியை வாரி இறைக்கும். காலபோக அறுவடையும் பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளும் ஓயும் பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும்தான் எனக்குத் தோதாகப்படும் காலம். பந்து ஒன்றிரண்டு போதும்.

சேர், பிள்ளைக்குக் கழுத்து முறிந்தால் யார் பொறுப்பு?

இதை ஒரு தாய் கேட்டார், குரல் உயர்த்தாமல். முதலில் உண்மை: இது மோதும் விளையாட்டு. காயமே வராது என்று சொல்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

நாங்கள் முதல் இரண்டு மாதம் யாரையும் விழுத்த விடுவதில்லை. இரண்டு கையாலும் தொட்டால் பிடி. இப்படித் தொட்டு ஆடும் ஆட்டமே 1960களில் சிட்னியில் லீக் வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கி இன்று தனி விளையாட்டாகிவிட்டது. பிறகு முழங்காலில் நின்று பிடிப்பது, பிறகு நடந்து, பிறகு ஓடி. தோளுக்கு மேலே கை போனால் ஆட்டத்தை நிறுத்திவிடுவோம், பயிற்சியிலும்கூட. தலையில் அடிபட்டவர், தான் நலம் என்று சத்தியமே செய்தாலும், அன்று மீண்டும் இறங்க முடியாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை மறுவாரமும் முடியாது. ஒருநாள் போட்டியில் இதுதான் மிகக் கடினமான விதி, ஏனென்றால் அடுத்த ஆட்டம் ஒரு மணி நேரத்தில் இருக்கும், அணியும் ஊரும் "ஒன்றுமில்லை, இறங்கடா" என்று கத்தும். அதனால் இந்த முடிவைப் பயிற்றுநரிடம் விடாமல், எந்த அணியையும் சாராத ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம்.

பெற்றோர் சம்மதக் கடிதம், முதலுதவி தெரிந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போக மைதானத்திலேயே நிற்கும் ஒரு வாகனம். இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போட்டியைத் தள்ளிவையுங்கள்.

பெண் பிள்ளைகள் ஆடலாமா? ஊர் என்ன சொல்லும்?

ஆடலாம். ஊர், உதைபந்தாட்டத்துக்குச் சொன்னதையே சொல்லும், இரண்டு வருடத்தில் கிண்ணம் வந்ததும் மாற்றிச் சொல்லும். எங்கள் மைதானத்தில் கால் வேகத்தில் ஆண் பிள்ளைகளைத் திணறடிப்பவர்கள் வலைப்பந்தாட்டம் ஆடிவிட்டு வந்த மாணவிகள்தான். பந்தைப் பார்க்காமலே பக்கத்துக்குக் கொடுக்கும் கை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெண் பயிற்றுநர் அல்லது உடன் நிற்க ஓர் ஆசிரியை, உடைமாற்ற ஒரு பூட்டக்கூடிய அறை, இருட்டுமுன் வீடு. பெற்றோர் கேட்பது இவைதான், நியாயமும்கூட.

போரில் காலை இழந்த என் அண்ணாவும் ஆடலாம் என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னதா?

இல்லை. சக்கர நாற்காலி றக்பி லீக் என்று ஒன்று இருக்கிறது, பிரான்சில் உருவானது. அணிக்கு ஐந்து பேர். தோளில் ஒரு பட்டி தொங்கும், அதை இழுத்து எடுத்தால் பிடி. மற்றபடி பந்தைப் பின்னே கொடுப்பது, ட்ரை எல்லாம் மேலே சொன்னபடியே. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம், உடற்குறை இல்லாதவரும் நாற்காலியில் அமர்ந்து ஆடலாம். அண்ணாவும் தம்பியும் ஒரே அணியில் ஆடக்கூடிய விளையாட்டு இது. 2022 நவம்பரில் மன்செஸ்டரில் நடந்த உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்து 28–24 என பிரான்சை வென்றது. பராலிம்பிக்கில் இருப்பது வேறு, அதில் பந்தே உருண்டை.

தடை நாற்காலிதான். ஆஸ்பத்திரி நாற்காலி முதல் மோதலிலேயே கவிழும். சில்லு சாய்ந்த, விளையாட்டுக்கென்று செய்த நாற்காலி வேண்டும், வழுவழுப்பான கட்டாந்தரை வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் "என்ன அனுப்பலாம்?" என்று கேட்கும்போது நான் சீருடை கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.

சிட்னியில் பிறந்த என் தங்கையின் மகன் இலங்கைக்கு ஆடலாமா?

சர்வதேச லீக் விதிப்படி பிறந்த நாடு, பெற்றோரின் நாடு, பாட்டன் பாட்டியின் நாடு ஆகியவற்றுக்கு ஆடலாம். அந்த வகையில் மருமகனுக்கு உரிமை உண்டு.

இந்த விதி சின்ன நாடுகளைத் தூக்கிவிட்ட அளவுக்கு எந்தக் குறுகிய போட்டியும் தூக்கிவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரிய நாடுகளுக்கு ஆடக்கூடிய வீரர்கள் தொங்காவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தொங்கா 2017 உலகக் கிண்ணத்தில் நியூஸிலாந்தையும் 2019இல் அவுஸ்திரேலியாவையும் வென்றது. லெபனான் 2000ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்குப் போனது அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பிள்ளைகளை வைத்து. ஆனால் தொங்காவில் தெருவுக்குத் தெரு றக்பி இருக்கிறது. இங்கே ஒரு கழகமும் இல்லாமல் அங்கே ஓர் அணி மட்டும் இருந்தால், அது சிட்னித் தமிழர் ஒன்றுகூடல். மருமகன் விடுமுறைக்கு வரும்போது பயிற்சிக்கு அனுப்புங்கள், அதில் எங்களுக்கு லாபம் அதிகம்.

யூனியனில் ஆடினால் பொலிஸ் அணி, கண்டி அணி என்று ஒரு வழி இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது?

இந்த நாட்டில் லீக்கை நம்பி வேலை தேட முடியாது. அந்த வழி வேண்டுமானால் யூனியனுக்குப் போங்கள், நான் கோபிக்க மாட்டேன். ஓடுவது, பிடிப்பது, கைமாற்றுவது எதுவும் வீண்போகாது: லீக்கில் வளர்ந்த ஜேசன் றொபின்சன் யூனியனுக்கு மாறி 2003 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்துக்கு ட்ரை வைத்தார். இங்கே பல ஊர்களில் இரண்டுமே இல்லை என்பதுதான் நிலை. 15 பேரைத் திரட்டி, இரு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் நெரிசல் பிடியைப் பாதுகாப்பாகச் சொல்லிக்கொடுக்கக்கூடிய பயிற்றுநரைக் கண்டுபிடிப்பதைவிட 9 பேரைச் சேர்ப்பது எனக்கு இயலும்.

ஒரு சுற்றுப்போட்டி நடத்திவிட்டோம், படமும் எடுத்தாயிற்று. இனி?

இனித்தான் வேலை. மென்பந்துச் சுற்றுப்போட்டியில் பழகியவர்கள் நாம்: ஒரு நாள் ஒலிபெருக்கி, கிண்ணம், அடுத்த வருடம் வரை மறதி. கிரிக்கெட்டுக்கு அது பரவாயில்லை, பிள்ளைகள் மற்ற நாட்களிலும் ஒழுங்கையில் மட்டையோடு நிற்பார்கள். இந்தப் பந்து அப்படி இல்லை, போட்டி முடிந்ததும் அது யாரோ ஒருவரின் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

அதனால் அடுத்த போட்டிக்கு முன் அரைமணி நேரத் தூரத்துக்குள் இரண்டே இரண்டு கழகங்களைப் பிடியுங்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலையில் மூன்று ஆட்டம், கிண்ணம் இல்லை, விருந்தினர் இல்லை, தேநீரும் கச்சானும் போதும். ஒவ்வொரு கழகத்திலும் ஒருவருக்கு விசில் ஊதக் கற்றுக்கொடுங்கள். வீரர்களைவிட மத்தியஸ்தர்தான் எங்களுக்குத் தட்டுப்பாடு.

பந்தை யார் வீட்டில் வைப்பது என்றும் முடிவெடுங்கள். எங்களுடைய இரண்டு பந்துகளும் ஓர் அரிசிச் சாக்கில், மைதானத்துக்கு எதிரே உள்ள சைக்கிள் திருத்தும் கடையில் இருக்கின்றன. காற்றடிக்கும் பம்பும் அங்கேயே இருக்கிறது. நெருஞ்சி குத்தினால் அவரே ஒட்டித் தருகிறார். எந்தப் பிள்ளையும் போய்க் கேட்கலாம், ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்தால் சரி.